நான்காமவர் எங்கே?

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்பன அந்நான்கு. துணைசெய்பவரை மருத்துவரோடும் மருந்தோடும் ஒப்ப வைத்து எண்ணிய நுட்பம் வியத்தற்குரியது. மற்றவை வளர்ந்த அளவிற்கு இந்நான்காம் கூறும் வளர்ந்துள்ளதா? இதயச் செயலிழப்பு என்னும் நோயை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோதல் அன்று. உடலுக்கு வேண்டிய குருதியைச் செலுத்தும் ஆற்றல் அதற்குக் குறைந்துபோதலே ஆகும். கால் வீங்கும், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கும், இரவில் படுத்தால் திணறும். 1785இல் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் டிஜிட்டாலிஸ் இலையின் பயனை எழுதி வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் துன்பத்தைத் தணிக்க முடிந்ததேயன்றி ஆயுளை நீட்டுதல் அரிதாயிருந்தது. 1987இல் எனலாப்ரில் என்னும் மாத்திரை கடுநோயாளரின் இறப்பைக் குறைப்பதை ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. 1999இல் பீட்டா தடுப்பு மருந்துகளும் ஸ்பைரோனோலாக்டோனும் அவ்வாறே மெய்ப்பிக்கப்பட்டன. நீரிழிவுக்கெனப் பிறந்த டாபாகிளிப்ளோசின் 2019இல் இதயத்திற்கும் துணையென அறியப்பட்டது. மலேசியாவில் தேசிய இருதயக் கழகம் 1992இல் தோன்றியது. 1997இல் அங்கு இதய மாற்று அறுவையும் நடந்தேறியது.

இவையெல்லாம் கோலா தெர்லாவை எட்டுவது எவ்வாறு? கேமரன் மலையின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்தது அச்சிற்றூர். அரசு மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. பெரிய மருத்துவமனைக்கோ மலையிறங்கி ஈப்போ செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்குப் புறநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. வல்லுநரைக் காண 5 வெள்ளி. தலைநகரவாசிக்கும் மலைவாசிக்கும் கட்டணம் ஒன்றே. கட்டணம் ஒன்றாவதனால் வாய்ப்பும் ஒன்றாகிவிடுமா? மலைவாசி ஒரு நாட்கூலியை இழந்து, வண்டிக்கும் செலவிட்டு, மூச்சு வாங்கும் உடலோடு வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் செல்ல வேண்டும். சரிவில் ஏறி உழைப்பவருக்கு மூச்சு வாங்குதல் இயல்பே என்று நோயின் முதற்குறியே புறக்கணிக்கப்படுதலும் கூடும்.

மலைக்கு மலை வல்லுநரை வைக்க எந்த அரசால் இயலும்? மக்கள் மிகுந்த நகரில் செலவிடுவதே மிகுபயன் தரும் அன்றோ? இவ்வாறு வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. இதய மாற்று அறுவையை ஊர்தோறும் வேண்டுதல் அறிவுடைமை ஆகாது. ஆனால், இந்நோயில் பெரும்பாலோரைக் காப்பது கத்தியன்று; நாள்தோறும் தவறாது உண்ணும் மாத்திரையே. பழைய மாத்திரைகள் விலை மலிந்தவை. எடையையும் குருதி அழுத்தத்தையும் பார்க்கவும், மருந்து வாங்க வராதவரைத் தேடிச் செல்லவும் ஆள்தான் வேண்டும்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் திருவனந்தபுரம் சான்று. 2013இல் அம்மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளர் ஒரு பதிவேட்டில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் இதயத்தின் சுருங்கும் ஆற்றல் குறைந்தோரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவரே உரிய மருந்துகள் எழுதப்பெற்று வீடு திரும்பினர். ஐந்து ஆண்டுகளுக்குள், பதிவானோரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர் நிலையே இஃதெனின், வந்து சேராதவர் நிலை என்ன?

தோட்டப்புறத்தில் நான்காமவர் முன்பே இருந்தார். டிரசர் என்று மக்கள் அழைத்த தோட்ட மருத்துவ உதவியாளர் லயத்து வீடுகளை அறிந்தவர். அவரைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டமும் வந்தது. அன்று ஆள் அருகில் இருந்தார். ஆயுளை நீட்டும் மருந்து இல்லை. இன்று மருந்து உண்டு. கதவைத் தட்டும் ஆள் அரிதாகிவிட்டார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடிச் செல்கின்றன. இதயத்தைத் தளர்த்தும் காரணங்களுள் இவ்விரண்டும் முதன்மையானவை. ஆதலின் இவ்வழி மலைத் தோட்டங்களுக்கும் பொருந்தும்.

இன்று தேயிலைச் சரிவுகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் உழைக்கின்றனர். குடிமக்களுக்குரிய கட்டணம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் பன்மடங்கு செலுத்த வேண்டும். அவர்களுக்கான மருத்துவக் காப்புறுதி, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. அது விழுந்தபின் தூக்கும். விழாமற் காக்கும் மாத்திரையைத் தராது. கடல் கடந்து வந்து லயத்தில் வாழ்ந்தவரின் பேரப்பிள்ளைகள் இதனைப் பிறர் துன்பமென்று ஒதுக்குதல் முறையாகுமா?

ஒரு நாட்டின் இதய மருத்துவத்தைத் தலைநகரின் அறுவைக்கூடத்தில் மட்டும் வைத்து அளத்தல் கூடாது. கடைசி லயத்தின் கடைசி வீட்டில் இம்மாத மாத்திரை இருக்கின்றதா என்று கேட்டும் அளத்தல் வேண்டும். மருத்துவத்தின் நான்கு கூறுகளைத் தேர்வுக்கென மனனம் செய்யும் மாணவர், பாட்டியின் கால் வீக்கத்தை முதுமையென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராயின், அந்நான்காமவரின் பணி அவ்வீட்டிலேயே தொடங்கிவிடும்.