யார் நம்மவர் என்று யார் சொல்வது

1888ஆம் ஆண்டு பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் பிறப்பால் தமிழர், மதத்தால் மட்டுமே இஸ்லாமியர் என்பது அதன் முடிபு. வீட்டில் பேசும் மொழி, தாலி, சீதனம், முகவெட்டு என்று ஒரு நியாயவாதிக்குரிய ஒழுங்கோடு சான்றுகளை அடுக்கியிருந்தார். நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி வீட்டுக்கு ஒருவரை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு அழைத்தது. போனவர்களுக்குச் சொல்லப்பட்டது, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்பது. ஐந்துசந்தியில் மறித்துச் சோதித்தார்கள். நகையும் பணமும் பறிபோயின. சிறுமிகளின் காதில் கிடந்த தோடுகூடத் தப்பவில்லை. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். முதல் நிகழ்ச்சி ஒரு சமூகத்தை இழுத்து அணைத்தது, இரண்டாவது பிடரியில் பிடித்துத் தள்ளியது. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான்: இன்னொருவர் நம்மவரா இல்லையா என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்ற எண்ணம். அது பிழை என்று நான் நினைக்கிறேன். வட அயர்லாந்து முப்பது ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு கண்டுபிடித்த ஒரு விதி, அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று பார்க்க நமக்கு உதவும்.

முதலில் மதத்தைப் பற்றிய ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்க வேண்டும். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் என்றால் ஐரிஷ்காரர், புரட்டஸ்தாந்தர் என்றால் பிரித்தானியர் என்று உலகம் பழகிவிட்டது. மத நம்பிக்கைதான் மக்களைப் பிளந்தது என்றால் அங்கே சில மனிதர்களை விளங்கிக்கொள்ளவே முடியாது. 1790களில் ஐரிஷ் குடியரசுக் கொள்கைக்கு உருக்கொடுத்த வுல்ஃப் டோன் புரட்டஸ்தாந்தர். சுயாட்சிக்காக வெஸ்ட்மின்ஸ்டரையே ஆட்டிவைத்த பார்னல் புரட்டஸ்தாந்தர். 1938இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைட் ஒரு அங்கிலிக்கன் குருவானவரின் மகன். நம் குடாநாட்டிலும் இதே புதிர் உண்டு. 1816 முதல் அமெரிக்க மிஷனரிமார் ஊரூராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வெஸ்லியன் மிஷனில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர்தான் பிறகு அந்த மிஷனரிமாருக்கு எதிராகச் சைவத்தைத் திரட்டினார். 1854இல் அவர் எழுதிய 'சைவ தூஷண பரிகாரம்' மென்மையான புத்தகம் அல்ல. பகை மூட்ட வேண்டிய விறகெல்லாம் இருந்தும் தீ பிடிக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1956 முதல் 1975 இடைத்தேர்தல் வரை, சைவர் நிறைந்த காங்கேசன்துறை தொகுதி கிறிஸ்தவரான எஸ். ஜே. வி. செல்வநாயகத்தைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது. சனம் அவரைத் தந்தை என்று அழைத்தது.

ஏன் இங்கே பிளக்கவில்லை, அங்கே பிளந்தது? என் விடை காணியில் இருக்கிறது. அல்ஸ்டரில் 1609இல் தொடங்கிய குடியேற்றம் கத்தோலிக்க ஐரிஷ்காரரின் நிலத்தைப் பறித்துப் புரட்டஸ்தாந்தக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. பிறகு வந்த தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதையே தடுத்தன. அதற்குப் பிறகு செபமாலையும் வேதாகமமும் இரண்டு காணி உறுதிகள் ஆகிவிட்டன. யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்காகவும் கலியாணப் பதிவுக்காகவும் ஞானஸ்நானம் பெற்றவரும், வீட்டுக்குள் திருநீறு பூசியவரும் ஒரே வளவில் இருந்தார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்த தேசவழமைச் சட்டம் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒரே முதுசம், ஒரே சீதனம், ஒரே பங்குரிமை என்று ஆக்கியது. மதம் மாறியவனும் அண்ணனோடு அதே வேலிக்குத்தான் வழக்காடினான். சோனகருக்குத் தேசவழமை பொருந்தவில்லை. 1806இல் அவர்களுக்குத் தனிச் சட்டக்கோவை வந்தது. விவாகம், வாரிசு, சொத்துப் பிரிவு எல்லாம் அதன்படி நடந்தன. ஒரே மொழி பேசிய இரண்டு அயலாரைச் சட்டம் இரண்டு வீட்டாராக வைத்திருந்தது. இதைச் சொல்லும்போது நம் ஒற்றுமையின் விலையையும் சொல்லிவிட வேண்டும். சைவ, கிறிஸ்தவ உறவு நிலைத்ததற்கு இரு பக்கமும் அதே சாதி இருந்தது பெரிய காரணம். அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற தமிழருக்கு அந்த உறவு கிடைக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியாரை மறித்து முன்னின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். தனித் தமிழ் நாடு கேட்டவர்களில் அவர் மிக முந்தியவர். தமிழருக்கு நாடு கேட்டவரே தமிழருக்குக் கோயில் கதவை அடைத்து நின்றார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இராமநாதனிடம் திரும்புவோம். அவர் தந்த சான்றுகளில் பல உண்மையானவை. சோனகர் வீட்டு மொழி தமிழ். கண்டியில் சித்தி லெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' தமிழ் ஏடு. ஆனால் அந்தக் கட்டுரைக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களும் தமிழரே என்று நிறுவப்பட்டால் தமிழ் உறுப்பினரே போதும். அந்த உறுப்பினர் இராமநாதன். 1889இல் ஆசனம் கொடுக்கப்பட்டது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு, சோனகரின் மூதாதையர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று வாதித்தது. இருவரும் இரத்தத்தைப் பற்றியே வழக்காடினார்கள். எத்தனை பாட்டன்மார் காயல்பட்டினத்தார், எத்தனை பாட்டன்மார் யேமன்காரர் என்று ஆராய்வது வரலாற்றாசிரியருக்குப் பயன்படலாம். உயிரோடு இருக்கிற ஒருவர் தன்னை எந்தச் சனத்தோடு எண்ணுகிறார் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை கிடையாது. வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸை எடுங்கள். வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைக் குடிசார் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் ஆனவர். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து முஸ்லிம் சமூகத்தின் கல்விக்கே உழைத்தார். 1956இல் ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் என்ற கொள்கைக்குத் தாவியபோது அந்தக் கட்சியை விட்டு விலகினார். அவரைத் தமிழர் என்று எழுதுவதா, முஸ்லிம் என்று எழுதுவதா? அவர் வாழ்ந்த வாழ்க்கை இந்தக் கேள்விக்குள் அடங்கவில்லை, கேள்விதான் குறுகியது.

1998 ஏப்ரல் 10ஆம் திகதி கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையில் இந்தக் குறுகிய கேள்விக்கு ஒரு விடை உண்டு. வட அயர்லாந்து மக்களில் எவரும் தம்மை ஐரிஷ்காரர் என்றோ, பிரித்தானியர் என்றோ, இரண்டும் என்றோ தாமே அடையாளப்படுத்தலாம். அப்படியே பிறரால் ஏற்கப்படவும் வேண்டும். அது பிறப்புரிமை. எதிர்காலத்தில் அந்த நிலம் எந்த நாட்டோடு சேர்ந்தாலும் அந்த உரிமை மாறாது. சுமார் 3,500 பேர் செத்த பிறகு எழுதப்பட்ட இந்த வாசகத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஏற்கப்பட வேண்டும் என்ற கடப்பாடு. நான் இன்னார் என்று சொல்வதோடு விஷயம் முடிந்துவிடாது. அதைக் கேட்டவர்கள் மேல் ஒரு பொறுப்பு விழுகிறது. இராமநாதன் சோனகர் சொன்னதைக் கேளாமல் தீர்ப்பு எழுதினார். புலிகள் கேட்டறிய வேண்டிய தேவையையே உணரவில்லை. உரிமை கொண்டாடுவதும் உரிமையைப் பறிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு பயன்பாடுகள். நீ எங்கள் ஆள் என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தால், நீ எங்கள் ஆள் இல்லை என்று சொல்லும் அதிகாரமும் என்னிடம்தானே இருக்கும்?

ஒரு அறிஞரின் கட்டுரையையும் துவக்கு முனையில் நடந்த வெளியேற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்பார்கள். விளைவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இராமநாதனின் கட்டுரை ஒரு வீட்டையும் பூட்டவில்லை. நான் ஒப்பிடுவது குற்றத்தின் அளவை அல்ல, இரண்டிலும் உள்ள அனுமானத்தை. இதைவிடக் கடுமையான மறுப்பு இன்னொன்று: அது போர்க்காலம், கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் தமிழரைக் கொன்றார்கள், 1990 ஓகஸ்டில் வீரமுனையில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். நடந்தது உண்மை. அதே மாதம் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் வீரமுனைக்குச் சோனகத்தெருத் தையற்காரரும் இரும்புக் கடைக்காரரும் எப்படிப் பொறுப்பாவார்கள்? ஒரு மதத்தார் எல்லாரும் ஒரே உடம்பு என்று கொண்டால் மட்டுமே அந்தக் கணக்குச் சரிவரும். 1983 யூலையில் கொழும்புத் தமிழர் மேல் போடப்பட்டது இதே கணக்கு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் செத்ததற்கு வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவர் விலை கொடுத்தார். அதை அநியாயம் என்று உலகெங்கும் சொல்லித் திரிந்த நமக்கு, 1990இல் அதே கணக்கைப் போட உரிமை இருந்ததாக நான் நினைக்கவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கமே அந்த வெளியேற்றம் நியாயப்படுத்த முடியாத அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

அவரவர் சொன்னபடிதான் இனம் என்றால் தமிழ்த் தேசியம் கரைந்துபோகுமே என்ற அச்சத்தையும் கேட்கிறோம். மொழி, நிலம், வரலாறு எல்லாம் வெறும் விருப்பமா? இல்லை. அவை இல்லாமல் ஒருவர் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இருக்காது. ஆனால் அவை அழைப்பு விடுக்கலாம், ஆளைக் கட்டி இழுக்க முடியாது. 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி தமிழ் பேசும் மக்கள் என்று பேசியபோது, சோனகரை இரத்தம் பார்த்து உள்ளே இழுக்காமல் மொழியைக் காட்டி அழைத்தது. அழைப்புக்குப் பலனும் இருந்தது: 1977 தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்றது. அந்தப் பக்கம் நின்று பேசிய இளம் அரசியல்வாதி அஷ்ரப் நான்கு ஆண்டுகளில் தனிக் கட்சி தொடங்கினார். அதைத் துரோகம் என்று எழுதுவோர் இன்றும் உண்டு. வரவும் போகவும் முடிவதுதானே அழைப்பு? மேலும் இந்த விதி நமக்குத்தான் மிகவும் தேவை. எல்லாரும் இலங்கையர் என்று கொழும்பு சொல்லும்போது, அப்படி என்னைப் பெயரிட நீ யார் என்று நாம் கேட்கிறோம். ஒரு தமிழர் தன்னைத் தமிழர் என்றோ, இலங்கையர் என்றோ, இரண்டும் என்றோ சொல்லலாம், சொன்னபடி ஏற்கப்பட வேண்டும் என்பதே நம் வழக்கின் உயிர்நாடி. அதே வழக்கைச் சோனகர் நம்மிடம் கொண்டுவந்தால் கோப்பை மூடிவிடுவது எப்படி?

முஸ்லிம் அடையாளமே ஆசனத்துக்காக மேட்டுக்குடியினர் கட்டியது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நாவலரின் சைவமும் அல்ஸ்டர் விசுவாசமும் யாரோ கட்டியவைதாம். கட்டிய வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பெல்ஃபாஸ்ட் விதியைப் பார்த்து மயங்கவும் வேண்டியதில்லை. அங்கேயே சட்டசபை உறுப்பினர் தம்மை ஐக்கியவாதி, தேசியவாதி, வேறு என்று பதிய வேண்டும். இரு சமூக ஒப்புதல் தேவைப்படும் வாக்கெடுப்பில் வேறு என்று பதிந்தவரின் வாக்குக்கு எடை குறைவு. வட அயர்லாந்தில் பிறந்து தன்னை ஐரிஷ்காரி என்று மட்டுமே எண்ணிய ஒரு பெண், தன் கணவரின் குடிவரவு விண்ணப்பத்துக்காக நீதிமன்றம் போனபோது, 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி அவர் பிரித்தானியரே என்று 2019இல் மேல் தீர்ப்பாயம் சொன்னது. உடன்படிக்கை வந்து இருபத்தொரு ஆண்டு ஆகியும், ஏற்கப்படும் உரிமை உள்நாட்டுச் சட்டத்துக்குள் இறங்கவில்லை. பிறகு 2020இல் அரசு குடிவரவு விதிகளை மாற்றியது. கொள்கை கந்தோர்ப் படிவத்துக்குள் புகும் வரை அது காகிதந்தான்.

நம் படிவங்களைப் பார்ப்போம். 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் அங்கே மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக அகதி என்ற பெயரோடு இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் வந்தால் புத்தளத்தார் ஆகிவிடுகிறார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பியவர்கள் சிலரே. போகும்போது இரண்டு பிள்ளையோடு போன குடும்பம் இன்று நான்கு குடும்பம். ஐந்துசந்திப் பக்கம் அவர்களுக்கு மிஞ்சியிருப்பது கூரையில்லாத ஒரு வீட்டுச் சுவர்கள். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தால் நிரந்தரமாக இங்கே இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள்; வீடு இல்லாமல் எப்படி இருப்பது என்பதற்குப் படிவத்தில் இடம் கிடையாது. பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய 2013இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 2019 நவம்பரில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன முஸ்லிம்களின் பஸ்கள் மேல் தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இடம்பெயர்ந்தவரின் வதிவிடம் எது என்பதை அவர் சொன்னபடி ஏற்று, இரண்டு ஊரையும் தன்னூர் என்கிறவரை இரண்டிலும் பதிந்துகொள்ள மாவட்டச் செயலகத்துக்கு அதிகாரம் கொடுப்பது பெரிய அரசியல் தீர்வு எதற்கும் காத்திருக்க வேண்டிய காரியம் அல்ல. சோனகத்தெருக் குடும்பத்துப் பிள்ளை, பிறந்தது கல்பிட்டியில், ஊர் யாழ்ப்பாணம் என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொண்டு, காணியின் எல்லையையும் வீட்டுக்கு ஆகும் செலவையும் பற்றிப் பேசத் தொடங்கலாம்.