அபிவிருத்தியின் வெற்றியும் கடைமடையின் நீதியும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பொதுமக்களின் நன்மை கருதி அரசுகள் மேற்கொள்ளும் அபிவிருத்தித் திட்டங்களுட் சில வெற்றி பெறுகின்றன. பல இடைவழியில் தளர்கின்றன. இதற்கான காரணிகளை ஆராய்வோர் நிதி, தொழில்நுட்பம், நிர்வாகத் திறன், மக்கள் பங்களிப்பு என நான்கினை வரிசைப்படுத்துவர். இவ்வரிசையில் மக்கள் இறுதியிலேயே இடம்பெறுகின்றனர் என்பது ஒருபுறமிருக்க, வெற்றி என்பது யாது, அதனைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்குரியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. காரணிகள் பற்றிய வினா பொருளியலுக்குரியது. வெற்றியின் பொருள் பற்றிய வினாவோ ஒழுக்கவியலுக்குரியது. பின்னதற்கு விடை காணாது முன்னதற்கு விடை கூறல் இயலாது.

இலங்கையின் கல்லோயாத் திட்டம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். தமிழர் பட்டிப்பளையாறு என வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டது. இத்திட்டத்திற்கென 1949 இல் அபிவிருத்திச் சபையொன்று நிறுவப்பட்டது. அணை எழுந்தது, வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, காடு கழனியாயிற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறின. பொறியியலாளரின் அளவுகோல் கொண்டு நோக்கின் இது வெற்றியே. ஆயின், கிழக்கு மாகாணத்தின் இனவிகிதாசாரத்தை மாற்றும் முயற்சியாகவே தமிழர் தலைவர்கள் இக்குடியேற்றத்தைக் கண்டனர். 1956 ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கிலேயே தமிழருக்கெதிரான வன்செயல் வெடித்து உயிர்கள் பலியாயின. நெல் விளைந்த நிலத்தில் அச்சமும் விளைந்தது. விளைச்சலை மட்டும் பதிந்து அச்சத்தைப் பதியாத ஏடு முழுமையான கணக்கேடாகாது.

காலப்போக்கில் பொறியியல் வெற்றியும் நிலைக்கவில்லை. 1970களின் இறுதியில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தும் மடைகள் உடைந்தும் கிடந்தன. தலைப்பிலிருந்த வயல்கள் வேண்டியதற்கு மேலாக நீரைப் பெற, கடைமடை வயல்கள் வறண்டன. அமெரிக்க உதவியுடன் புனரமைப்பு தொடங்கியபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து 1981 இல் புதியதொரு முயற்சியில் இறங்கின. இளம் பட்டதாரிகள் ஒழுங்கமைப்பாளராகக் கிராமங்களிற் சென்று தங்கினர். அவர்கள் கட்டளையிடச் செல்லவில்லை, கேட்கச் சென்றனர். ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறும் விவசாயிகள் முதலில் ஒன்றுகூடி வேலை செய்தனர். பின்னரே பிரதிநிதியைத் தெரிந்தனர். அவ்வாண்டிற் குளத்து நீர்மட்டம் தாழ்ந்திருந்தும், அவர்கள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீரைப் பகிர்ந்து, கடைமடைக்கும் அனுப்பினர். தலைப்பிலிருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையிலிருந்தோருட் பலர் தமிழர். 1983 இன் பின்னர் நாட்டில் இனப்பகை முற்றிய காலத்திலும் இவ்வமைப்புகள் அழிந்தொழியவில்லை. 1997 சிறுபோகத்தில் நெற்செய்கைக்கு நீர் போதாதெனப் பொறியியலாளர் கருதியபோதும், விவசாயிகள் கூட்டாக நீரை முகாமை செய்து நல்விளைச்சல் கண்டனர்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். பசியும் வேலையின்மையும் காத்திருப்பதில்லை. ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருப்பின் எத்திட்டமும் நிறைவேறாது என்பது அது. 30 ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட மகாவலித் திட்டத்தை 6 ஆண்டுகளில் முடிக்க 1977 இன் பின்னர் அரசு முனைந்ததும் இவ்வாதத்தின் துணையுடனேயாம். இதில் உண்மையில்லை எனல் பொருந்தாது; விரைவும் ஓர் அறமே. ஆனால், விக்ரோரியா நீர்த்தேக்கத்தில் தெல்தெனிய நகரம் அமிழ்ந்தபோது அவ்விரைவின் விலையைச் செலுத்தியவர் அங்கு வாழ்ந்தோரேயன்றித் திட்டம் வகுத்தோரல்லர். விலை செலுத்துவோர் ஒருவரும் முடிவு செய்வோர் வேறொருவருமாக இருக்கும்போது விரைவு எளிதிற் கிட்டும். அதனை அறமென அழைக்குமுன் செலுத்தியவரின் வாய்மொழியைக் கேட்டல் வேண்டும்.

மற்றோர் ஆட்சேபம் இதனினும் கூர்மையானது. மக்கள் பங்களிப்பு என்னும் பெயரால் ஊரில் வலியோரே அதிகாரம் பெறுவர் என்பது அது. பெருங்கூட்டங்களில் இது நிகழ்வதுண்டு. ஒருவர் வயலை மற்றவர் அறிந்த சிறு வாய்க்காற் குழுவில் அநீதியை மறைத்தல் அரிது. சிறுமையே அங்கு நீதிக்குக் காவலாயிற்று.

மக்கள் பங்களிப்பு வெற்றிக்கான கருவி மட்டுமே எனக் கொள்ளின், பயன்படாதபோது அதனைக் கைவிடுதல் நியாயமாகிவிடும். கல்லோயாவின் ஒழுங்கமைப்பாளருட் பலர், நிரந்தர நியமனம் இன்மையால், ஆசிரியத் தொழிலை நாடி விலகிச் சென்றமை இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. அணைக்கு நிரந்தரம் அளித்த ஆட்சி, மக்களைக் கேட்கும் பணிக்கு அதனை அளிக்கவில்லை. மேலும், நீரைப் பகிர்வதில் விவசாயியின் சொல் கேட்கப்பட்டது, அணை கட்டி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே.

ஆதலின், பங்களிப்பு என்பது வெற்றியின் காரணிகளுள் ஒன்றன்று. வெற்றி என்னும் சொல்லின் பொருளிலேயே அடங்கிய ஓர் உரிமையாகும். நீர் புறப்படும் அணையில் நின்று நோக்குவோர்க்கு எத்திட்டமும் நிறைவுற்றதாகவே தோன்றும். அதன் பெறுமதியை அளத்தற்குரிய இடம் கடைமடையே.