முதல் சவரமும் உரையளவையும்

அறிவு பிறக்கும் வாயில்களை வடமொழி மெய்யியல் பிரமாணம் என்றும் தமிழ் நூல்கள் அளவை என்றும் வழங்குகின்றன. புலன்களால் நேரே அறிவது காட்சி. ஒன்றைக் கண்டு மற்றொன்றை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. மணிமேகலையின் 27ஆம் காதை அளவைகளைப் பத்து, எட்டு, ஆறு என ஆசிரியர்கள் வெவ்வேறாக எண்ணியதைக் குறிப்பிட, 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அவை அனைத்தையும் இம்மூன்றிலேயே அடக்குகிறது. உரையைத் தனி அளவையாக ஏற்காதவர்களும் உண்டு: சார்வாகர் காட்சியை மட்டுமே ஒப்பினர், வைசேடிகரும் திக்நாகர் வழிவந்த பௌத்தரும் உரையைக் கருதலுக்குள் சேர்த்தனர். இவ்வழக்கு பெரும்பாலும் வேதம், ஆகமம், மறுமை ஆகியவற்றைச் சுற்றியே நடந்ததால், உரையளவை அன்றாட அறிவில் ஆற்றும் பணி போதிய கவனம் பெறவில்லை. பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்றை வாங்கி, முதன்முறையாகத் தன் முகத்தில் வைக்கப்போகும் ஒருவரின் நிலையில் அப்பணி துலக்கமாகத் தெரிகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் ஏராளமாக உருவான இக்கத்திகள், 1903இல் ஜில்லெட்டின் பிளேடு மாற்றும் ரேசர் விற்பனைக்கு வந்தபின் மெல்ல வழக்கிழந்தன. ஆயினும் நல்ல எஃகால் ஆனவை என்பதால் பல இன்றும் கைமாறி வருகின்றன. பளபளப்பாக இருப்பதாலேயே அத்தகைய கத்தி பதமாக இருக்கும் என்று கொள்ள முடியாது. விளிம்பையொட்டித் துரு உள்ளே அரித்திருக்கலாம், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத பற்கள் விழுந்திருக்கலாம், முன்பு வைத்திருந்தவர் சாய்த்துத் தீட்டியதால் முதுகு ஒருபுறம் தேய்ந்திருக்கலாம். இக்குறைகளுள் கடைசியாகச் சொன்னது சிறிதன்று. கத்தியைச் சாணைக்கல்லில் படுக்கவைக்கும்போது முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லைத் தொடுகின்றன என்பதால், முதுகின் தடிப்பு மாறினால் விளிம்பின் கோணமும் மாறும். தேர்ந்தவர் 1000 நுண்மை எண் கொண்ட கல்லில் விளிம்பைச் சீராக்கி, 8000 எண்ணும் அதற்கு மேற்பட்டதுமான கற்களிலோ, பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மஞ்சள்நிறக் கோட்டிக்யூல் கல்லிலோ அதை நுண்மையாக்கி, இறுதியில் முதுகு முன்செல்ல விளிம்பு பின்தொடரும்படி தோல்வாரில் இழுத்து முடிக்கிறார். இடையில் ஒற்றை முடியை விரல்களில் பிடித்துத் தொங்கவிட்டு விளிம்பின் மேல் இறக்கிப் பார்ப்பதும் உண்டு. முடி சட்டென அறுந்து விழுந்தால் அவ்விடம் பதம், வளைந்து நழுவினால் மறுபடியும் கல். எனினும் முடியின் தடிப்போ, பிடித்த இடத்திலிருந்து அறுபடும் இடம் வரையுள்ள தொலைவோ மாறினால் முடிவும் மாறிவிடுகிறது என்பதால், அச்சோதனை கருதல் மட்டுமே. காட்சியாக எஞ்சுவது சவரம் ஒன்றுதான். ஆகவேதான் கவனமுள்ள தீட்டுநர் கத்தியைத் தம் கன்னத்திலேயே வைத்துப் பார்த்த பிறகு கொடுக்கிறார்.

கற்கத் தொடங்குபவருக்கோ அந்தக் காட்சியும் பயன்படுவதில்லை. கத்தி முடியை அறுக்காமல் பற்றி இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், விளிம்பு மழுங்கியிருக்கலாம், தோலிலிருந்து ஏறத்தாழ 30 பாகையில் நிற்கவேண்டிய அலகு அதற்கு மேல் நிமிர்ந்திருக்கலாம், நுரை காய்ந்திருக்கலாம், மறுகையால் தோலை இழுத்துப் பிடிக்காமல் விட்டிருக்கலாம். இத்தனையும் ஒரே வலியாகவே உணரப்படுகின்றன. கத்தியையும் தானே தீட்டியவர் எதைத் திருத்துவது என்று அறியாமல் மீண்டும் கல்லுக்குப் போகிறார். பெரும்பாலும் நல்ல விளிம்பையும் அங்கே கெடுத்துக்கொள்கிறார். கத்தி சவரத்துக்கு ஆயத்தம் என்று தேர்ந்தவர் ஒருவர் சொல்லியிருந்தால், அதே வலி வேறொன்றைக் கற்பிக்கிறது: குறை கையில் இருக்கிறது, கோணத்தைத் தாழ்த்த வேண்டும். உரையளவை செய்யும் பெரும்பணி இதுவே. அது ஒரு செய்தியைத் தருவதோடு நிற்காமல், அதை ஏற்றவரின் தவறுகள் பொருளுடையவை ஆவதற்கும் இடம் செய்கிறது. பிறர் சொல்லை ஏற்பது அறிவின் குறைபாடு என்றும், தானே கண்டறியும் வரை தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்றும் கருதுவோர் இதைக் காணத் தவறுகின்றனர்.

ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், உபதேசிப்பதே உரை என்பது நியாய மெய்யியலின் மூலநூலான நியாய சூத்திரத்தின் இலக்கணம். அதற்குப் பாஷியம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்திருத்தல், உயிர்களிடம் இரக்கம், உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் என ஆப்தருக்கு மூன்று தன்மைகளைக் கூறுகிறார். இருடி, ஆரியர், மிலேச்சர் ஆகிய அனைவருக்கும் இவ்விலக்கணம் பொது என்றும் சேர்க்கிறார். சாணைக்கல்லின் முன் அமர்ந்திருப்பவரும் இவ்விலக்கணத்துக்குள் தடையின்றி வருகிறார். அதன் நடுவில் இரக்கத்தை வைத்தது நியாயத்தின் மிக நுட்பமான இடம். அறிந்தவராகவும் பொய் சொல்லாதவராகவும் இருந்தாலும், முதல் சவரத்தில் வெட்டுப்படப்போகும் கன்னத்தைப் பற்றிய அக்கறை இல்லாதவர், விளிம்பில் ஒரு பல் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.

ஆயின் பொருளை அறியாதவர் ஆப்தரை எவ்வாறு இனங்காண்பது? வேத விளக்க நெறியினரான மீமாம்சகர், குறிப்பாகக் குமாரிலர், அறிவு தன்னளவிலேயே மெய்ம்மை உடையது என்றும், அதை மறுக்கும் வேறோர் அறிவு எழும்வரை ஐயத்துக்கு இடமில்லை என்றும் வாதிட்டனர். இது சுவதப் பிராமாணியம் எனப்படும். நியாய நூலோர், அறிவின் மெய்ம்மை புறத்திலிருந்தே, அதாவது அதன்வழி மேற்கொண்ட செயல் பயன் தருவதிலிருந்தே தெரியும் என்றனர். சவரக்கத்தியைப் பொறுத்தவரை இருவர் கூற்றும் வெவ்வேறு கட்டங்களில் பொருந்துகின்றன. முதல் இழுப்பு மீமாம்சகர் நெறியில்தான் நிகழ முடியும், ஏனெனில் பயன் கண்டபின் நம்புவேன் என்பவர் கத்தியை உயர்த்தவே மாட்டார். கை பழகிய பின்னரோ, கத்தி உண்மையிலேயே பதமாக இருந்தது என்பதை அவரது கன்னமே நியாய நெறியில் உறுதிசெய்கிறது.

சமய வாழ்விலும் தொடக்கம் இத்தகையதே. செபமோ தியானமோ கற்பவர் குருவின் சொல்லை ஏற்றே தொடங்குகிறார். மனம் நிலைகொள்ளாதபோது நெறியைக் கைவிடாமல் தன் பயிற்சியைத் திருத்த அந்தச் சொல்லே உதவுகிறது. இதில் ஒரு பேரிடரும் இருக்கிறது. குறை எப்போதும் சீடனிடமே என்று ஆகிவிட்டால், எந்தத் தோல்வியாலும் குருவின் சொல் சோதிக்கப்படாது. சவரக்கத்தியில் இதற்கு மருந்து உண்டு: பழகிய மூன்றாமவர் ஒருவர் அதே கத்தியால் தம் கன்னத்தை மழித்துப் பார்த்து, தீட்டியவர் சொன்னது பொய் என்று கூற முடியும். சமய உரைக்கும் இத்தகைய சோதனையைக் காட்ட முயன்று, ஆயுர்வேதம் கண்கூடாகப் பலிப்பதால், அதை உரைத்த ஆப்தர்களின் வேதமும் காணாப் பொருள்களில் பிரமாணமாகும் என்கிறது நியாயம். ஆனால் அக்காணாப் பொருள்களில் மூன்றாமவர் நின்று பார்க்கக்கூடிய இடம் இல்லை. பொருளை நேரே அறிந்திருத்தல் என்ற முதல் தன்மை பொருளுக்குப் பொருள் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது என்பதால், நோய் தீர்த்த சொல்லைக் கொண்டு சுவர்க்கத்தை நிறுவும் அவ்வாதம் வலுவற்றது. சினம் தணியும், அச்சம் குறையும் என்பன போன்ற, இம்மையிலேயே அருகிருப்போரும் காணத்தக்க பயன்களைச் சொல்லும் சமய உரைகளுக்கு இக்குறை இல்லை. அவற்றைப் பொறுத்தவரை, நெடுங்காலம் பயின்றவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் அந்த மூன்றாமவரின் இடத்தில் நிற்கிறார்கள்.