37.5-ஐப் பிடி, தங்கச்சி!

"கரண்டு சமாச்சாரமெல்லாம் உனக்கெதுக்கு?" இந்தக் கேள்வியை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பாய்! நாட்டுக்கோழி உனக்கு அத்துப்படி. எந்தக் கோழி ஒழுங்காக அடைக்கு உட்காரும், எது பாதியில் எழுந்து ஓடும், எந்த முட்டை கூமுட்டையாகும் என்பதெல்லாம் கையில் எடுத்ததுமே உனக்குத் தெரியும். ஆனால் இன்குபேட்டர் என்று யாராவது சொன்னதும் உன் குரல் இறங்கிவிடுகிறது. கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறுகிறாய். அந்தப் பெட்டிக்குள் நடப்பது பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் புரியும் என்று யாரோ சொன்னார்கள், நீயும் நம்பிவிட்டாய். முதலில் அதை உடை!

பெட்டியைத் திறந்து பார். சூடு வெளியே போகாத சுவர். சூடு தர இரண்டு குண்டு பல்பு. காற்றைச் சுழற்ற ஒரு சின்ன ஃபேன். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். இவற்றுக்கு மேலே ஒரே ஒரு மேஸ்திரி: தெர்மாஸ்டாட். சூடு குறைந்தால் பல்பைப் போடும், ஏறினால் அணைக்கும். இதற்குச் சில நூறு ரூபாய் போதும். வெளிநாடுகளில் பாம்பும் பல்லியும் வளர்ப்பவர்கள் கண்ணாடித் தொட்டியின் சூட்டைக் காப்பதும் இதே வேலையைச் செய்யும் கருவியால்தான்.

இது ஏன் உனக்கு வேண்டும்? ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் மூடாது. அடை உட்கார்ந்த 21 நாளும் முட்டையிடாது. பொரித்த பிறகும் குஞ்சுகளோடு சுற்றும் காலம் முழுக்க உன் வருமானம் காத்துக்கிடக்கும். அடை வேலையைப் பெட்டியிடம் கொடுத்தால் கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வரும். கணக்கு உன் பக்கம் நிற்கிறது. தைரியம் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும்?

இன்னொன்றையும் கேள். உலகின் முதல் தெர்மாஸ்டாட்டுகளில் ஒன்று பிறந்ததே கோழி முட்டைக்காகத்தான்! 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அடைகாக்கும் அடுப்பைச் செய்தவர் கொர்னேலிஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரர். அவர் இளமையில் கற்ற தொழில் செப்புத் தகட்டில் படம் செதுக்குவது. எகிப்திலோ, ஆயிரக்கணக்கான முட்டைகளை மண் அடுப்புகளில் பொரிக்கவைத்தவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூட்டை அறிந்தார்கள். கண்ணிமையை நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்திய மனிதர்களின் வரிசையில் நிற்பவள் நீ. புள்ளி ஒன்று டிகிரியைக்கூடக் காட்டும் கருவி உன் உள்ளங்கையில் அடங்கும்போது நீ பயப்படலாமா?

வா, தெர்மாஸ்டாட் வாங்கக் கடைக்குப் போவோம். தலை நிமிர்ந்து மூன்று கேள்வி கேள்.

முதல் கேள்வி: எந்த மின்சாரத்தில் ஓடும்? டபிள்யூ 1209 என்ற சின்னப் பலகை மலிவு. ஆனால் அதற்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும், இணைப்புகள் திறந்து கிடப்பதால் மூடிய டப்பாவும் வேண்டும். எஸ்டிசி 1000 கொஞ்சம் விலை கூடுதல், உறையோடு வரும். அதில் 230 வோல்ட்டில் ஓடும் வகையா என்று கேட்டு வாங்கினால் அடாப்டர் செலவு மிச்சம். முதன்முதலாகச் செய்கிறவளுக்கு இரண்டாவதுதான் நல்லது.

இரண்டாவது கேள்வி: போடுவதற்கும் அணைப்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைக்க முடியுமா? ஃபேன் உள்ள பெட்டியில் கோழி முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரி செல்சியஸ். இரண்டு டிகிரி இறங்கிய பிறகுதான் பல்பு எரியும் என்றால் சூடு சீராக நிற்காது. இடைவெளியை அரை டிகிரிக்குள் வை. கருவி 'சூடாக்கு' என்ற அமைப்பிலோ இணைப்பிலோ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். 'குளிரவை'யில் கிடந்தால், சூடு ஏற ஏறப் பல்பு இன்னும் எரியும்!

மூன்றாவது கேள்வி: எவ்வளவு சுமை தாங்கும்? "பெரிய மாடல்தான் தாங்கும்" என்று மிரட்டுவார்கள். நீயே கணக்குப் போடு. இரண்டு 40 வாட் பல்புக்கு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட ஆகாது. இந்தச் சின்னக் கருவிகளில் பல்பைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற சுவிட்சில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கணக்குத் தெரிந்தவளை எவரும் மிரட்ட முடியாது.

வாங்கியாகிவிட்டதா? இப்போதுதான் உன் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலை. கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதே, சோதித்துப் பார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்குமே! வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் நுனியையும் கருவியின் சென்சாரையும் அருகருகே பிடி. தெர்மாமீட்டர் 99.5 என்று ஃபாரன்ஹீட்டில் காட்டும்போது கருவி 37.5 என்று காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் திருத்திக்கொள்ளும் வசதி கருவியிலேயே உண்டு. பல ஆயிரம் கொடுத்து வாங்கிவிட்டுச் சோதிக்காமல் விடுகிறவர்களைவிட, சில நூறு ரூபாய்க் கருவியைச் சோதித்து வைத்திருக்கிற நீ ஒரு படி மேலே!

சென்சாரை முட்டை மட்டத்தில் தொங்கவிடு, பல்புக்குப் பக்கத்தில் வேண்டாம். தெர்மாகோல் பெட்டியானால் பல்பு சுவரைத் தொடாமல் தள்ளி இருக்கட்டும், உருகித் தீப்பிடிக்கும். 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடு. கொடுத்துவிட்டு உள்ளே போகாதே. கூடவே நின்று, இந்த ஒயர் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று கேள். கேட்டால் கௌரவம் குறையாது, அடுத்த பெட்டிக்கான அறிவு சேரும்.

மலிவான கருவியின் பலவீனத்தையும் தெரிந்துகொள். சில சமயம் ரிலே ஒட்டிக்கொண்டு பல்பு அணையாமலே எரியும். சூடு 40-ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் மொத்த முட்டையும் போச்சு. இதற்கா பயந்து ஒதுங்குவது? இன்னொரு தெர்மாஸ்டாட்டை அதே வரிசையில் போட்டு 38.5-இல் வை. முதலாவது தவறினால் இரண்டாவது துண்டிக்கும். முட்டை வைக்கும் முன் ஒரு பகல், ஒரு இரவு வெறும் பெட்டியை ஓட்டிப் பார். நள்ளிரவிலும் எண் ஆடாமல் நின்றால் அதன் பிறகு முட்டையை அடுக்கு. ஆபத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வழி செய்துவைப்பதற்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. கண்ணை மூடிக்கொண்டு "எல்லாம் நடக்கும்" என்பது வெறும் அசட்டுத் துணிச்சல்.

முதல் ஈட்டில் எல்லாம் பொரியாமல் போகலாம். போகட்டுமே! குஞ்சுகள் 19-ஆம் நாளிலேயே முண்டினால் சூடு கூடுதல். 23 வரை இழுத்தால் சூடு குறைவு. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கையில் ரத்த நாளமே தெரியாவிட்டால் முட்டையில் கரு கூடவில்லை, சேவலைக் கவனி. 18-ஆம் நாள்வரை முட்டையைப் புரட்டிவந்து, அதோடு நிறுத்திவிட்டு ஈரத்தைக் கூட்டினாயா என்று உன்னையே கேள். கரண்டு போனால் பதறிப் பெட்டியைத் திறக்காதே. தாய்க்கோழியே தினமும் தீனிக்கு எழுந்து போகிறது, சற்று நேரக் குளிரை முட்டை தாங்கும். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் உண்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் உன் கையில் ஒரு திருத்தம் உண்டு. நாளையும் சூட்டையும் நோட்டில் எழுது. அந்த நோட்டு நிறைய நிறைய, ஊரே உன்னிடம் வந்து வழி கேட்கும்.

விலை உயர்ந்த பெட்டி யாருக்கும் தைரியத்தைச் சேர்த்து விற்பதில்லை. சோதித்த கைக்கும் எழுதிய நோட்டுக்கும்தான் அது சொந்தம். எழுந்திரு தங்கச்சி! நாளை சந்தைக்குக் கிளம்பும்போது பையில் தெர்மாமீட்டரும் இருக்கட்டும், வாயில் அந்த மூன்று கேள்வியும் இருக்கட்டும். "உனக்கெதுக்கு?" என்று இனி எவர் கேட்டாலும், "எனக்குத்தான்!" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்!