இல்லாமல் ஆக்கப்பட்டவர்கள்

ஒருவரைக் கொல்வதற்கும், அவர் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிடுவதற்கும் அறத்தின் கணக்கில் வேறுபாடு உண்டா? நம் நடைமுறையில் எழவே வாய்ப்பில்லாத கேள்வி. செத் மெக்ஃபார்லேன் உருவாக்கி, கேப்டன் எட் மெர்சராகத் தானே நடித்த ‘தி ஆர்வில்’ தொடர் இதை நேராகவே எழுப்பியது. 2017இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, விண்கலக் கதைகளைச் செல்லமாகக் கிண்டல் செய்யும் தொடர் என்றுதான் பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள். 2022இல் மூன்றாம் பருவம் ஹுலு தளத்துக்குப் போனபோது சிரிப்பு குறைந்து விவாதம் கூடியிருந்தது. அந்தப் பருவத்தின் ஆறாம் பகுதியில் வருகிறது இந்தச் சிக்கல்.

ஆர்வில் விண்கலத்தை ஓட்டும் கார்டன் மல்லாய் ஒரு விபத்தில் 25ஆம் நூற்றாண்டிலிருந்து 2015ஆம் ஆண்டுக்குத் தூக்கி எறியப்படுகிறான். கடந்த காலத்தில் மாட்டிக்கொண்டவர் யார் வாழ்க்கையிலும் கலக்காமல் ஒதுங்கிக் கிடக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மூன்று ஆண்டுகள் காட்டில் தனியே கிடந்து பார்க்கிறான். யாரும் வரவில்லை. ஊருக்குள் வருகிறான், லாரா என்ற பெண்ணை மணக்கிறான், பிள்ளை பிறக்கிறது. எட்டும் அவனுடைய துணை அதிகாரி கெல்லியும் அவனைத் தேடி வந்து சேரும்போது ஆண்டு 2025. வரமாட்டேன் என்கிறான் கார்டன். அவர்கள் இன்னும் பின்னோக்கி 2015க்கே போய், வந்து சில காலமே ஆன கார்டனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். திருமணம் நடக்கவில்லை. பிள்ளை இல்லை.

எட்டின் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. இரண்டாம் பருவத்தின் கடைசி இரு பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். எதிர்காலத்துக்கு வந்து தன் காலத்துக்குத் திரும்பிய இளவயதுக் கெல்லி எட்டுடன் இரண்டாவது சந்திப்புக்கு மாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல்லிலிருந்து நிகழ்ச்சிகள் திசைமாறி, கேலான் என்னும் இயந்திர இனம் பூமியையே வீழ்த்திவிடுகிறது. அதை மீண்டும் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட உலகில் ஒரு திருமணம் எதையும் மாற்றாது என்று யாரால் உறுதி கூற முடியும்? கோடிக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பேற்றவன் பந்தயம் கட்டக்கூடாது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கார்டன் அந்தக் காலத்தில் வாழ்ந்து மறைந்த செய்தியை ஆர்வில் குழு பழைய பதிவுகளிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. அதாவது, அவன் குடும்பம் நடத்தி முடித்த பிறகும் 25ஆம் நூற்றாண்டில் அவர்கள் கலம் அப்படியே நிற்கிறது, அவர்களும் இருக்கிறார்கள். கேடு வரலாம் என்பது அச்சம். அந்தக் குழந்தை இராது என்பதோ உறுதி. ஐயத்துக்குரிய தீங்கைத் தடுக்க ஐயமற்ற தீங்கைச் செய்யலாமா என்பதே கேள்வி. எட் அதைத் தனக்குள்ளாவது கேட்டுக்கொண்டானா என்பது தெளிவாகவில்லை. இதற்கு முந்தைய பகுதியில் பிறந்தபோது மாற்றப்பட்ட தன் பாலைத் திரும்பப் பெற விரும்பிய டோப்பா என்ற குழந்தைக்காக இதே குழு, தான் பணியாற்றும் கோள்களின் ஒன்றியத்தின் ஆணையைச் சுற்றி வளைத்து வழி கண்டுபிடித்தது. ஆயுதம் தரும் கூட்டாளி இனம் முறித்துக்கொள்ளும் அபாயம் இருந்தும், கலத்தில் இருக்கும் கேலான் இனத்து ஐசக்கைக் கொண்டு அதற்கான அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு குழந்தைக்கு வளைந்த சட்டம் அடுத்த பகுதியில் இன்னொரு குழந்தைக்கு இரும்பாகிவிட்டது.

பிறக்காத ஒருவருக்குத் தீங்கு இழைக்க முடியாது என்று வாதிடலாம். டெரெக் பார்ஃபிட் என்ற பிரிட்டிஷ் மெய்யியலாளர் 1984இல் வெளியிட்ட நூலில் இதைத் துருவியிருக்கிறார்: பாதிக்கப்பட்டவர் என்று சுட்டிக்காட்ட ஆளே இல்லாதபோது யாருக்குத் தீங்கு? நல்ல வாதம்தான், ஆனால் எட்டுக்கு உதவாது. அவன் பேசியது இனி வரக்கூடிய யாரோ ஒரு குழந்தையைப் பற்றி அல்ல. அந்த வீட்டுக்குள் போய் நின்றவன் அவன். முடிவெடுக்கும் கணத்தில் பாதிக்கப்படப் போகிறவர்கள் இருந்தார்கள், மூச்சுவிட்டார்கள். செயல் முடிந்தபின் சாட்சி மிச்சமில்லை என்பது குற்றத்தைக் குறைக்காது.

சட்டத்தின் மேலும் குறை உண்டு. உயிரோடு இரு, ஆனால் இறந்தவன்போல் இரு என்று ஆயுள் முழுதும் ஒருவனைக் கட்டுப்படுத்தும் விதியை யாரால் கடைப்பிடிக்க முடியும்? மூன்று ஆண்டு தாக்குப்பிடித்ததே பெரிது. அதற்காகக் கார்டனைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். லாராவை அவன் தற்செயலாகச் சந்திக்கவில்லை. முந்தைய பருவத்திலேயே, 2015இல் புதைக்கப்பட்ட பெட்டியிலிருந்து கிடைத்த அவளுடைய கைபேசியைத் துழாவி, அவள் உருவத்தைக் கணினியில் எழுப்பிக் காதலித்தவன் அவன். அவளைப் பற்றி அவ்வளவையும் தெரிந்துகொண்டு போய் நின்றது நேர்மையான தொடக்கம் அல்ல. ஆனால் அது லாராவிடம் அவன் பட்ட கடன். எட் வசூலிக்க வேண்டியதல்ல.

தொடர் சறுக்குவது கடைசியில். மீட்கப்பட்ட கார்டனிடம் எட்டும் கெல்லியும் நடந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள். அதுவரை சரி. அவனோ, நீங்கள் செய்ததுதான் சரி, நான் அவ்வளவு சுயநலமாக நடந்துகொண்டேனா என்று வருந்துகிறான். பார்ப்பவர்களின் நெஞ்சும் இலேசாகிறது. ஆக வேண்டும் என்றுதான் அந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒப்புதல் தருகிற இவன் எதையும் இழக்காதவன். மனைவியின் முகத்தையோ பிள்ளையின் குரலையோ அறியாதவன். இழந்தவன் 2025இல் நின்று வேண்டாம் என்று கெஞ்சியவன். அவனை மன்னிப்புத் தர முடியாத இடத்துக்கு அனுப்பியதே எட்தான். அந்த முடிவு தவிர்க்க முடியாததாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் எட் அதைச் சுமந்திருக்க வேண்டும். வேறொரு கார்டனின் கையெழுத்தை வாங்கிக் கணக்கை முடித்திருக்கக் கூடாது.