விளிம்பில் ஒரு மாற்றம், அது பொய்யா?

ஆரணிப் பட்டுச் சேலைக்கான அட்டைப்பெட்டியில் மயில்நீல உடலும் மஞ்சள் கரையும் அச்சாக வேண்டும் என்று கொள்வோம். ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு மையும் தனித் தகட்டிலிருந்து இறங்குகிறது. ஈரம்பட்ட தாள் சற்றே நீள்கிறது. நிறங்கள் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கீற்று தெரிகிறது. அதைத் தடுக்கவே மென்பொருளில் ட்ராப்பிங் அமைத்து, மஞ்சளை நீலத்துக்குள் சிறிது நீட்டுகிறார்கள். இன்டிசைன் மென்பொருளில் இயல்பாக இருக்கும் அளவு 0.25 பாயின்ட், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வரைந்தவர் போட்ட எல்லையை இப்படி மாற்றுவது பொய்யாகுமா? ஆகாது என்பதே என் வாதம். பொய் என்பது இல்லாததைப் பார்ப்பவர் மனதில் ஏற்றுவது. இங்கே, நிறங்கள் ஒட்டியிருக்கின்றன என்ற வரைந்தவரின் சொல்தான் சிதையாமல் போய்ச் சேருகிறது.

எந்திரத்தைச் சரிசெய்வதே நேர்மை என்பார்கள். செய்யத்தான் வேண்டும், ஆனால் தாள் நீள்வது எவருடைய அலட்சியமும் அல்ல, பொருளின் இயல்பு. நல்ல நோக்கம் என்று சொல்லி எதையும் திரிக்கலாமே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ட்ராப்பிங்குக்கோ கட்டுப்பாடு உண்டு: எந்திரம் உண்மையில் விலகும் அளவைத் தாண்டினால் சிறிய எழுத்துகள் தடித்துக் குழம்பும். விட்டுக்கொடுப்பதும் வெளிர்நிறம்தான், ஏனெனில் உருவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அடர்நிறத்தின் விளிம்பு. இப்படி நிறங்கள் சேர்ந்தும் தனித்தே நிற்கின்றன: இறைவனும் உயிரும் ஒன்றாகிவிடாமலும் பிரிந்துபோகாமலும் இருப்பதாகச் சொல்லும், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் முறைப்படுத்திய சைவ சித்தாந்தமும் சேர்க்கை வேறுபாட்டை அழிப்பதில்லை என்கிறது. தேவையில்லாத இடத்தில் எல்லை மாற்றப்படுவதும் இல்லை: அரக்கு நிறத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே பெரும்பாலும் ட்ராப்பிங்கே தேவைப்படுவதில்லை. அரக்கிலும் மஞ்சள் மை நிறைய இருப்பதால், சற்று விலகினாலும் இடையில் வெள்ளை தெரிவதில்லை.