விருப்பத்தை ஏவ இயலுமா?

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கிலும் மலேசியாவின் பிற ஊர்களிலும் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை மனனம் செய்யும் நூல்களுள் முதன்மையானது ஔவையாரின் ஆத்திசூடி ஆகும். 109 ஓரடி வரிகளாலான அந்நூலின் முதல் வரி, அறத்தைச் செய் என்று ஏவாமல், அதைச் செய்ய விரும்புமாறு ஏவுகிறது. ஒருவரின் செயலை ஏவலாம், விருப்பத்தை ஏவ இயலுமா என்ற வினா அங்கேயே பிறக்கிறது.

ஏவல் என்பது முன்னிற்பவரைச் செயலில் செலுத்தும் வினைவடிவம். தமிழில் ‘நட’, ‘படி’, ‘விரும்பு’ என விகுதி ஏலாத வினைப்பகுதியே ஒருமை ஏவலாக நிற்க, விலக்கும்போது ‘செய்யேல்’, ‘செய்யாதே’ என ஈறு வந்து சேர்கிறது. ஸ்பானிய மொழியின் ஒழுங்கு வினைகளிலும் ‘பேசு’ என்னும் பொருள்தரும் ‘ஆப்லா’, ‘அவன் பேசுகிறான்’ என்பதற்குரிய நிகழ்கால வடிவமாகவே இருக்க, ‘பேசாதே’ என்பது ‘நோ ஆப்லெஸ்’ என வடிவம் மாறுகிறது. விலக்கப்பட்டதைச் செய்யாதிருந்தாலே விலக்கு நிறைவேறும். உடன்பாட்டு ஏவலோ எவ்வளவு, எவ்வாறு, எதுவரை என்பவற்றைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது.

விருப்பத்தை ஏவ இயலுமா என்ற வினாவுக்கு விடையாக, ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்டின் கூற்றைக் கொள்ளலாம்: உள்ளத்து நாட்டமாகிய அன்பைக் கட்டளையால் பெற முடியாது, கடமையாக நன்மை செய்வதையே கட்டளையிடலாம் என்று 1785இல் எழுதினார். அக்கருத்தின் வலிமையை ரப்பர்த் தோட்டத்து வாழ்வை அறிந்தவர் எளிதில் உணர்வர். விடியுமுன் பெரட்டு எனப்படும் பணியழைப்பில் வரிசையாக நின்ற தொழிலாளர்களை, மேற்பார்வையாளரான கங்காணியின் ஏவல் மரநிரைக்கு அனுப்பியது, பட்டையைச் சீவவைத்தது, பாலை வாளியில் சேர்க்கவைத்தது, ஆயினும் அவர்கள் உள்ளம் எதை நாடவேண்டும் என்பதில் அதற்கு அதிகாரம் இருக்கவில்லை.

எனினும் ஔவையின் ஏவல் உணர்ச்சியை அக்கணமே வரவழைக்கச் சொல்வதன்று. நன்மையைச் செய்துவர அன்பும் உடன் வளரும் என்று காண்டே 1797இல் கூறியதுபோல், அது மனத்தைப் பழக்கும் திசையைக் காட்டுகிறது. அதைவிட முக்கியமானது, அந்த ஏவல் யாருக்கு உரியது என்பதாகும். கையில் பொருளில்லாத ஏழு வயதுப் பிள்ளைக்கும், பகற்பொழுது முழுவதையும் பிறருக்கு விற்றுவிட்ட தொழிலாளிக்கும் அறம் செய்யும் வாய்ப்பு குறுகியதே. அறத்தை விரும்புவதற்கோ செல்வமும் ஓய்வும் தேவையில்லை, எவருடைய அனுமதியும் தேவையில்லை. செய் என்று மட்டும் ஏவியிருந்தால் அந்நூல் இயன்றவர்க்கே உரியதாகியிருக்கும். விருப்பமே போதும் என்று ஒதுங்கிக்கொள்ளவும் அது இடங்கொடுப்பதில்லை. சினத்தைத் தணிப்பதை இரண்டாம் வரியில் சொல்லி, அடுத்த இரண்டு வரிகளிலேயே, கொடுக்க இயன்றதை ஒளிப்பதையும் பிறர் கொடுப்பதைத் தடுப்பதையும் விலக்கிவிடுகிறது.